வட்டு பழுதானாலும் வாக்குத் தவறாதிருக்க: மெய்நிகர் இயந்திரங்களும் சேமிப்புக் கொள்கையும்

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் இரவில் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரு தொலைபேசித் திரையைச் சுற்றி நிற்கிறோம். சுட்டெண்ணை அடித்ததும் பெறுபேறு வந்துவிடுகிறது. தனியார் மருத்துவமனையில் இலக்கத்தைச் சொன்னதும் உம்மாவின் பழைய மருந்து விபரங்கள் கணினியில் தெரிகின்றன. வங்கியில் புத்தகத்தை நீட்டினால் மீதி அச்சாகி வருகிறது. இந்த விபரங்கள் எல்லாம் எங்கோ ஓர் இடத்தில் ஒரு வட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. வட்டு மனிதன் செய்த பொருள். அது ஒருநாள் பழுதாகும். எந்த நாள் என்பது மட்டும்தான் தெரியாது.

“அப்படியென்றால் அன்றைக்கு எல்லாம் அழிந்து போகுமா?” என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முன்கூட்டியே ஓர் ஏற்பாட்டை எழுதி வைத்து, அது நிறைவேறுகிறதா என்று பார்த்துக்கொண்டும் இருந்தால் அழியாது. அந்த ஏற்பாட்டுக்குச் சேமிப்புக் கொள்கை என்று பெயர். சேர்வர்களைப் பராமரிப்பவள் என்ற முறையில் அதை எழுதுவதும் கண்காணிப்பதும் என் அன்றாட வேலை. பாடப்புத்தகத்தில் இது ஓரிரு வரிகளுக்கு மேல் வருவதில்லை. ஆகவே தங்கைகளுக்கும் பெற்றோருக்கும் விளங்கும் விதமாக அதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு வளவில் பல வீடுகள்

முதலில் மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன என்று பார்ப்போம். முன்பு ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சலுக்கு ஒரு சேர்வர், கணக்குக்கு ஒரு சேர்வர், இணையத்தளத்துக்கு ஒரு சேர்வர் என்று தனித்தனிப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் சக்தியில் சிறு பங்கை மட்டுமே பாவித்துக்கொண்டு, மின்சாரத்தை மட்டும் முழுதாகக் குடித்தது. பெரிய வளவொன்றில் ஒரேயொரு ஆள் குடியிருப்பதைப் போன்ற வீண்செலவு அது. அதே வளவைச் சுவர் எழுப்பிப் பிரித்து நான்கு குடும்பங்களைக் குடியமர்த்தலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவும் தனிப் பூட்டும் இருக்கும். நிலமும் கூரையும் மட்டும் பொது.

கணினியில் இந்தச் சுவரை எழுப்பும் மென்பொருள் ஒரு சேர்வரைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே எண்ணி இயங்கும். இது புதிய எண்ணம் அல்ல. ஐ.பீ.எம். நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்காக வீ.எம்./370 என்ற முறைமையை 1972 இலேயே அறிவித்துவிட்டது. சாதாரண சேர்வர்களில் இதைப் பரவலாக்கிய வீ.எம்.வெயார் நிறுவனம் 1998 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களுள் ஒருவரும், முதல் பத்து வருடங்கள் அதன் தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்தவரும் டயேன் கிரீன் என்ற பெண்மணி. இந்தத் துறை நமக்குரியதா என்று தயங்கும் தங்கைகள் இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

இனி ஒரு முக்கியமான விடயம். மெய்நிகர் இயந்திரத்துக்கு இரும்பும் கம்பியும் இல்லை. அது சில கோப்புகளின் தொகுப்பு. அதன் வன்தட்டுக்கூட ஒரு பெரிய கோப்புத்தான். எனவே பல சேர்வர்களை ஒன்றாக இணைத்து ஒரு கொத்தணியாக்கி, அந்தக் கோப்புகளை எல்லாச் சேர்வர்களும் அணுகக்கூடிய பொதுச் சேமிப்பில் வைத்துவிட்டால், ஒரு சேர்வர் நின்றுபோனாலும் அதிலிருந்த மெய்நிகர் இயந்திரத்தை இன்னொரு சேர்வர் சில நிமிடங்களில் மீண்டும் இயக்கிவிடும். ஆனால் கோப்பு பத்திரமாக இருந்தால்தான் இது நடக்கும். சேர்வர் போனால் இன்னொன்று வாங்கலாம். கோப்பு போனால் பெறுபேறும் போயிற்று, மருந்து விபரமும் போயிற்று. அதனால்தான் கொத்தணியின் உயிர் சேமிப்பில் இருக்கிறது என்கிறோம்.

இடத்தைச் சொல்வதா, தேவையைச் சொல்வதா?

முன்பு நிருவாகிகள் இடத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். “கணக்கு இயந்திரத்தை மூன்றாம் இலக்க வட்டுத் தொகுதியில் வை, அது வேகமானது. நூலக இயந்திரத்தை ஐந்தாம் இலக்கத்தில் வை, அது பழையது, பரவாயில்லை” என்பார்கள். எந்தத் தொகுதி எப்படிப்பட்டது என்பது ஒருவரின் தலைக்குள் அல்லது ஓர் எக்செல் தாளில் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். இயந்திரம் ஏன் அங்கே இருக்கிறது என்பதைப் பின்னால் வருபவர் ஊகிக்க வேண்டியதுதான்.

சேமிப்புக் கொள்கை இந்த வழக்கத்தை மாற்றியது. கலியாண வீட்டுச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். சமையற்காரரிடம் நாம் “50 சஹன் வேண்டும், அதில் 5 சஹன் சிறுவர்களுக்குக் காரமில்லாமல், பகல் 12 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்” என்கிறோம். எந்தச் சட்டியில், எந்த அடுப்பில் ஆக்குவது என்று நாம் சொல்வதில்லை. தன்னிடமுள்ள சட்டிகளையும் ஆட்களையும் பார்த்து முடியும் அல்லது முடியாது என்று சொல்வது அவர் பொறுப்பு. சாப்பாடு வந்து சேர்ந்ததும் சொன்னபடி இருக்கிறதா என்று வீட்டுக்காரர் ஒருவர் எண்ணிப் பார்ப்பார்.

இதில் மூன்று பங்குகள் இருக்கின்றன. நமது கட்டளை சேமிப்புக் கொள்கை. தன்னால் என்ன முடியும் என்று சமையற்காரர் சொல்வது சேமிப்பு வழங்குநரின் வேலை. வந்ததை எண்ணிப் பார்ப்பது இணக்கச் சோதனை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

வழங்குநர்: தன்னைப் பற்றித் தானே சொல்லும் சேமிப்பு

வட்டுத் தொகுதிகளைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசும். அவை தம் தகைமைகளை ஒரே பாஷையில் நிருவாக முறைமைக்குச் சொல்வதற்காக, வீ.எம்.வெயார் 2011 இல் வாசா என்ற இடைமுகத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பாஷையில் பேசும் சிறு மென்பொருளைத்தான் சேமிப்பு வழங்குநர் என்கிறோம். வட்டு எந்த வகை, எத்தனை பழுதைத் தாங்கும், இப்போது நலமா நோயா என்பவற்றை அது சொல்லிக்கொண்டிருக்கும்.

அதைப் பதிவு செய்வது கடினம் அல்ல. நிருவாகத் திரையில் வீ-சென்டரைத் தெரிந்து, அமைப்புப் பகுதியில் சேமிப்பு வழங்குநர்கள் என்ற இடத்துக்குப் போய், புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒரு பெயர், வழங்குநரின் இணைய முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய நான்கையும் கொடுத்ததும், அதன் சான்றிதழின் கைரேகை போன்ற நீண்ட எண் திரையில் தோன்றும். பலர் அதை வாசிக்காமலே சரி என்று அழுத்திவிடுவார்கள். அது தவறு. வட்டுத் தொகுதியின் சொந்தத் திரையில் காட்டப்படும் எண்ணோடு அது பொருந்துகிறதா என்று பார்த்த பின்பே ஏற்க வேண்டும். வீட்டுக்கு வருபவர் உண்மையில் அவர்தானா என்று கதவைத் திறக்குமுன் பார்ப்பது போன்றது இது. பதிவானதும் வழங்குநரின் நிலை ஒன்லைன் என்று காட்டும்.

சேர்வர்களுக்குள்ளேயே இருக்கும் வட்டுகளை ஒன்றுசேர்த்துப் பொதுச் சேமிப்பாக்கும் வீசான் என்ற முறை 2014 இல் வந்தது. அதை இயக்கினால் அதன் வழங்குநர் தானாகவே பதிவாகிவிடும். வழங்குநர் இல்லாத பழைய வட்டுத் தொகுதிகளுக்கு நாமே அடையாளச் சீட்டு ஒட்டலாம். “வேகமானது” அல்லது “பிரதி எடுக்கப்படுவது” என்று எழுதி, அந்தச் சீட்டையே கொள்கையில் நிபந்தனையாக வைக்கலாம்.

ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வழங்குநர் சொல்வது சேமிப்பு தன் நிலையைத் தானே சொல்வது. சீட்டு நாம் சொல்வது. வேகம் குறைந்த வட்டில் “வேகமானது” என்று ஒருவர் சீட்டு ஒட்டிவிட்டால், முறைமை அதை அப்படியே நம்பும். போத்தலில் சீனி என்று எழுதிவிட்டு உப்பைப் போட்டு வைத்தால் போத்தலுக்கு என்ன தெரியும்? எனவே சீட்டு முறையைப் பாவிக்கும் இடங்களில், வட்டு மாற்றப்படும்போதெல்லாம் சீட்டையும் சரிபார்க்கும் பொறுப்பு ஒருவருக்கு எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும்.

வழங்குநரின் சான்றிதழுக்கும் ஒரு முடிவுத் திகதி இருக்கிறது. அது காலாவதியானால் தொடர்பு அறுந்துவிடும். அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்தச் சேமிப்பைப் பற்றிப் புதிதாக எதையும் அறிய முடியாது. வழங்குநரையே முழுதாகச் சார்ந்திருக்கும் சில முறைகளில், நிறுத்திய இயந்திரத்தை மீண்டும் இயக்கவும் முடியாமல் போகும். கடவுச்சீட்டு முடியும் திகதியைக் குறித்து வைப்பது போல இந்தத் திகதியையும் குறித்து வைக்க வேண்டும்.

கொள்கையின் கணக்கு

இனிக் கொள்கைக்குள் என்ன எழுதுகிறோம் என்று பார்ப்போம். வீசானில் முதற் கேள்வி, எத்தனை பழுதைத் தாங்க வேண்டும் என்பது. ஒரு சேர்வர் பழுதானாலும் தரவு நிலைக்க வேண்டுமானால் 1 என்று எழுதுவோம். இரண்டு பழுதானாலும் நிலைக்க வேண்டுமானால் 2 என்று எழுதுவோம்.

அடுத்த கேள்வி எப்படித் தாங்குவது என்பது. எளிய வழி முழுப் பிரதி எடுத்தல். 100 கிகாபைட் தரவுக்கு, 1 பழுதைத் தாங்க 200 கிகாபைட் இடமும் ஆகக் குறைந்தது 3 சேர்வர்களும் வேண்டும். 2 பழுதைத் தாங்க 300 கிகாபைட்டும் 5 சேர்வர்களும் வேண்டும். 3 பழுதைத் தாங்க 400 கிகாபைட்டும் 7 சேர்வர்களும் வேண்டும்.

இடத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழி உண்டு. ரெயிட் என்ற இம்முறையை அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவர் 1988 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். அதன் அடிப்படை நமது ஆரம்ப வகுப்புக் கணக்குத்தான். ஒரு மாணவி மூன்று பாடங்களில் 62, 75, 81 புள்ளிகள் எடுத்திருக்கிறாள். கூட்டுத்தொகை 218. நான்கு எண்களையும் நான்கு வெவ்வேறு கொப்பிகளில் எழுதி வைக்கிறோம். 75 எழுதிய கொப்பி தொலைந்துவிட்டது. கவலையில்லை. 218 இலிருந்து 62 ஐயும் 81 ஐயும் கழித்தால் 75 திரும்பக் கிடைக்கும். கணினி கூட்டலுக்குப் பதிலாக வேறொரு தருக்கச் செயலைப் பாவிக்கிறது. எண்ணம் இதேதான்.

முதலில் வந்த வீசான் அமைப்பில் ரெயிட் 5 முறைக்கு ஆகக் குறைந்தது 4 சேர்வர்கள் வேண்டும். 100 கிகாபைட் தரவு சுமார் 133 கிகாபைட் இடத்தில் அடங்கிவிடும். இரண்டு பழுதைத் தாங்கும் ரெயிட் 6 க்கு 6 சேர்வர்களும் 150 கிகாபைட்டும் போதும். முழுப் பிரதியோடு ஒப்பிட்டால் பெரிய இலாபம். ஆனால் ஒரு புள்ளியை மாற்றினால் கூட்டுத்தொகையையும் மாற்றி எழுத வேண்டும் அல்லவா? ஆகவே எழுதும் வேலை இங்கே கூடுதல். நாள் முழுதும் எழுதிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்துக்கு முழுப் பிரதியும், வாசிப்பதே அதிகமாக உள்ளவற்றுக்கு ரெயிட் 5 உம் பொருந்தும்.

சாட்சி ஏன் வேண்டும்?

ஒரு பழுதைத் தாங்க இரண்டு பிரதிகள் போதுமே, மூன்றாவது சேர்வர் எதற்கு என்று ஒரு கெட்டிக்கார மாணவி கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்வி அது.

ஒரு கடையின் கணக்குக் கொப்பிக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று கடையில் வாப்பாவிடம், மற்றது வீட்டில் உம்மாவிடம். ஒருவர் எழுதினால் உடனே மற்றவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும் என்பது ஒழுங்கு. ஒருநாள் தொலைபேசி வேலை செய்யவில்லை. மற்றவருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று இருவரும் எண்ணி, இருவரும் தனித்தனியே எழுதிக்கொண்டு போகிறார்கள். மாலையில் பார்த்தால் இரண்டு கொப்பியும் இரண்டு கணக்குச் சொல்கின்றன. எது சரி? இனி யாராலும் சொல்ல முடியாது.

இதைத் தவிர்க்க மாமாவை நடுவில் வைக்கிறோம். அவரிடம் கொப்பி இல்லை. மாமாவோடு தொடர்பில் இருப்பவர் மட்டும் எழுதலாம், மற்றவர் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. வீசானில் மூன்றாவது சேர்வரில் இருப்பது இப்படிப்பட்ட ஒரு சிறு கோப்பு. அதன் பெயரே சாட்சி. அதில் தரவு இல்லை, வாக்கு மட்டும் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் சேர்ந்திருக்கும் பக்கம் மட்டுமே தொடர்ந்து இயங்கும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் அதுவே. எழுத்தும் சாட்சியும் மனிதர்களுக்கிடையே தகராற்றைத் தவிர்ப்பதற்கு எவ்வளவு அவசியம் என்பதை மத்ரஸாவில் படித்திருக்கிறோம். இயந்திரங்களுக்கிடையேயும் அதே தேவை எழுவதைக் கண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 3 சேர்வர்களில் ஒன்று பழுதானால் தரவு நிலைக்கும். ஆனால் இழந்த பிரதியை மீண்டும் உருவாக்க வேறு இடம் இல்லை. பழுதானது திருத்தப்படும் வரை எஞ்சிய ஒரே பிரதியில்தான் எல்லாம் தொங்கும். எனவே வசதியுள்ள இடங்களில் நான்காவது சேர்வரைச் சேர்த்துக்கொள்ளும்படி சொல்வேன்.

சேர்வர் ஒன்று தொடர்பற்றுப் போனால் வீசான் உடனே பதறுவதில்லை. வழமையான அமைப்பில் 60 நிமிடங்கள் பொறுத்திருக்கும். மின்சாரம் போய் வந்திருக்கலாம், யாராவது திருத்த வேலைக்காக நிறுத்தியிருக்கலாம். அந்த நேரத்துக்குள் சேர்வர் திரும்பி வந்தால், இடையில் மாறியவற்றை மட்டும் எழுதிச் சரிசெய்துகொள்ளும். வராவிட்டால் வேறு இடத்தில் புதிய பிரதியை ஆக்கத் தொடங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டையும் கண்டவர்கள் நாம். மின்கலமும் ஜெனரேட்டரும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைத் தெரிந்துகொண்டே நம் நாட்டில் இத்தகைய அமைப்புகளைத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே கொள்கையா?

எல்லா இயந்திரத்துக்கும் உயர்ந்த பாதுகாப்பையே கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். 6 சேர்வர் கொண்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி என்றால், சில இயந்திரங்களே இடத்தை நிரப்பிவிடும். இது வீண்விரயம். எல்லாவற்றுக்கும் குறைந்த பாதுகாப்பு என்றால், அது அமானிதத்தைப் பாழாக்குவதாகும்.

ஆகவே ஒவ்வொரு இயந்திரத்தைப் பற்றியும் கேட்க வேண்டியது, இது ஒரு நாள் இல்லாமல் போனால் யாருக்கு என்ன நடக்கும் என்பதுதான். நோயாளர் விபரத் தரவுத்தளம் என்றால் 2 பழுதைத் தாங்கும் முழுப் பிரதி. இணையத்தளம் என்றால் ரெயிட் 5. மாணவர்கள் பழகிவிட்டு வாரமொருமுறை அழிக்கும் இயந்திரம் என்றால் 1 பழுதைத் தாங்கினாலே தாராளம்.

கொள்கைகளை உருவாக்கும் பகுதியில் ஒரு பெயரைக் கொடுத்து இந்த விதிகளைத் தெரிந்ததும், அவற்றை நிறைவேற்றக்கூடிய சேமிப்புகளின் பட்டியலை முறைமை காட்டும். பட்டியல் வெறுமையாக இருந்தால், நாம் கேட்பதைக் கொடுக்க எந்த வழங்குநராலும் இயலாது என்று பொருள். அந்த நேரத்தில் “நிபந்தனை நிறைவேறாவிட்டாலும் உருவாக்கு” என்ற தெரிவு ஆசை காட்டும். அவசரத்தில் அதை அழுத்துபவர்கள் உண்டு. இயந்திரம் உருவாகிவிடும், பாதுகாப்பு மட்டும் இராது. அவசியமான சில திருத்த வேலைகளுக்கு அது உதவும். அன்றாட வழக்கமாகிவிடக் கூடாது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் மூன்று விடயங்களை மனதில் வைத்துக்கொள்ளலாம். முதலாவது, நாம் எதையும் தெரியாவிட்டால் முறைமையின் பொதுக் கொள்கை தானாகவே பொருந்திவிடும். வீசானில் அது 1 பழுதைத் தாங்கும் முழுப் பிரதி. முக்கியமான இயந்திரத்தை அப்படி விட்டுவிடக் கூடாது. இரண்டாவது, பல இயந்திரங்கள் பாவிக்கும் கொள்கையில் ஒரு சொல்லை மாற்றி உடனே அமுல்படுத்தினால், எல்லாத் தரவும் ஒரே நேரத்தில் இடம்மாறத் தொடங்கி முழுக் கொத்தணியும் திணறும். புதிய கொள்கையொன்றை ஆக்கி, ஒவ்வொரு இயந்திரமாக மாற்றுவதே நல்லது. மூன்றாவது, பிரதிகளை மீள ஆக்குவதற்கு எப்போதும் போதிய இடத்தை வெறுமையாக வைத்திருக்க வேண்டும்.

பச்சை அடையாளத்தைப் பார்ப்பவர் யார்?

கொள்கையை எழுதியாயிற்று. அது நிறைவேறுகிறதா என்பதை முறைமை தொடர்ந்து சோதித்து, இணக்கமானது அல்லது இணக்கமற்றது என்று காட்டும். இணக்கமற்றது என்றால் தரவு அழிந்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. கொடுத்த வாக்கு இந்த நேரத்தில் நிறைவேறவில்லை என்று அர்த்தம். இதன் ஆபத்தே அதன் அமைதிதான். இயந்திரம் வழமைபோல ஓடும். பாவிப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

ஒரு நிறுவனத்தின் கொத்தணியைப் பார்த்துத் தரும்படி என்னை அழைத்திருந்தார்கள். இணையத்தளம் சற்று மெதுவாக இருக்கிறது என்பதே அவர்களின் முறைப்பாடு. திரையைத் திறந்து பார்த்தால், மூன்று சேர்வர்களில் ஒன்று ஐந்து வாரங்களாக உயிரற்றுக் கிடந்தது. சம்பளக் கணக்கு உட்பட எல்லா இயந்திரங்களும் இணக்கமற்றவை என்று சிவப்பில் இருந்தன. முறைமை தன் கடமையைச் செய்து ஒவ்வொரு நாளும் எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கை மின்னஞ்சல், வேலையை விட்டுப்போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஐந்து வாரத்தில் இன்னொரு சேர்வரின் வட்டு பழுதாகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அந்த நிறுவனத்தின் கணக்காளர் கேட்டார். நான் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. அல்ஹம்துலில்லாஹ், எதுவும் அழியவில்லை. அன்றே எச்சரிக்கை போகவேண்டிய முகவரியை மாற்றினோம். ஒவ்வொரு நாள் காலையிலும் திரையைப் பார்த்துக் கையொப்பமிட ஒரு கொப்பியையும் வைத்தோம்.

கொள்கை காக்காத ஒன்று

இவ்வளவும் செய்தாலும் சேமிப்புக் கொள்கை எல்லா ஆபத்திலிருந்தும் காக்காது. அது வட்டும் சேர்வரும் பழுதாவதிலிருந்து மட்டும் காக்கிறது. ஒருவர் கைதவறி ஒரு கோப்பை அழித்தால், எல்லாப் பிரதியிலும் அது அந்தக் கணமே அழியும். கப்பம் கோரும் மென்பொருள் புகுந்து தரவைப் பூட்டிவிட்டால், மூன்று பிரதியும் பூட்டப்பட்ட பிரதிகளாகும். கண்ணாடிக்கு முன்னால் நிற்பவரின் முகத்தில் கரி பூசினால் கண்ணாடியிலும் கரிதான் தெரியும்.

இது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட் சேவையை அத்தகைய மென்பொருள் ஒன்று தாக்கியது. அரச மின்னஞ்சலைப் பாவித்த அலுவலகங்கள் அவ்வருடம் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டது. அந்தக் காலத்துக்குரிய, துண்டித்து வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை.

ஆகவே கொள்கை வேறு, காப்புப் பிரதி வேறு. காப்புப் பிரதிக்கு உலகெங்கும் சொல்லப்படும் எளிய விதி 3, 2, 1 என்பது. மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். அதை இணைப்பிலிருந்து துண்டித்தும் வைத்தால் இன்னும் நல்லது. இடையிடையே அந்தப் பிரதியிலிருந்து ஒரு கோப்பை உண்மையிலேயே மீட்டுப் பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி இருக்கிறது என்று நம்புவதும் நம் வெறும் ஊகமே.

தங்கைகளுக்கும் பெற்றோருக்கும்

இந்த வேலைக்கு உயர்ந்த கணிதம் தேவையில்லை. மேலே நான் செய்த கூட்டலும் கழித்தலும் பெரும்பாலும் போதும். ஆங்கிலக் கைநூல்களைப் பொறுமையாக வாசிக்கும் பழக்கமும், செய்ததை எழுதி வைக்கும் ஒழுங்கும், பச்சை அடையாளத்தைக் கண்டும் இன்னொருமுறை சரிபார்க்கும் மனமும் வேண்டும். பாரம் தூக்குவது அரிது. பெரும்பகுதி வேலை திரைக்கு முன்னால் நடப்பது. பாதுகாப்பான இணைப்பு இருந்தால் வீட்டிலிருந்தும் செய்யலாம். சில இரவுகளில் அழைப்பு வரும் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

பழகுவதற்குப் பணம் தேவையில்லை. வீ.எம்.வெயாரை 2023 நவம்பரில் புரோட்கொம் நிறுவனம் வாங்கியது. அதன்பின் உரிம முறைகள் மாறியதால் பல இடங்களில் வேறு மென்பொருள்களையும் நாடுகிறார்கள். புரொக்ஸ்மொக்ஸ், செஃப் என்ற இரண்டும் திறந்த மூலமானவை, இலவசமாகக் கிடைப்பவை. செஃப்பில் பொதுவாக மூன்று பிரதிகள் வைக்கப்படும், எழுதுவதற்கு ஆகக் குறைந்தது இரண்டு நலமாக இருக்க வேண்டும். திரையும் சொற்களும் வேறாக இருக்கும். தேவையை எழுதுதல், இயலுமையை அறிதல், நிறைவேறுகிறதா என்று பார்த்தல் என்ற மூன்றும் அங்கேயும் அப்படியே இருக்கின்றன. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் மாணவிகள் 16 கிகாபைட் நினைவகமுள்ள ஒரு கணினியில் மூன்று சிறிய மெய்நிகர் இயந்திரங்களை ஆக்கி, அவற்றில் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தி, என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். புத்தகத்தில் பத்து முறை வாசிப்பதை விட அது நன்றாக விளங்கும்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். காணி உறுதியின் படம், பிறப்புச் சான்றிதழ், மூத்தம்மாவின் குரல் பதிவு, பிள்ளையின் செயற்திட்ட அறிக்கை ஆகியவை இப்போது பல வீடுகளில் ஒரேயொரு தொலைபேசிக்குள் இருக்கின்றன. இவற்றில் எது தொலைந்தால் திரும்பப் பெற முடியாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். ஒன்று என்று வருபவற்றுக்கு இந்த வாரமே இன்னொரு பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். மாதமொருமுறை அதைத் திறந்து பார்க்கும் பொறுப்பை வீட்டிலுள்ள ஒரு மகளிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். இன்ஷா அல்லாஹ், நாளை ஒரு நிறுவனத்தின் அமானிதத்தைக் காக்கவும் அவளுக்கு அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.